கண்ணாடியில் தங்கிய பாதி

2016ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம், 1980களில் உலகெங்கும் விற்ற தன் விளையாட்டு எந்திரத்தை உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கி மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே 30 பழைய விளையாட்டுகள். அதன் திரை அமைப்புப் பக்கத்தில் மூன்று தேர்வுகள் இருந்தன. முதலாவது, பழைய தொலைக்காட்சியின் 4:3 அகலத்துக்குப் படத்தை இழுத்துக் காட்டுவது. இரண்டாவது, ஒவ்வொரு பிக்ஸலையும் பிசிறில்லாத சதுரமாகக் காட்டுவது. மூன்றாவது, படக்குழாய்த் தொலைக்காட்சியில் தெரிந்ததுபோலக் கோடுகளும் மங்கலும் சேர்த்துக் காட்டுவது.

சுவடிப் பதிப்புகளின் கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கு இது பழகிய சிக்கல்தான். ஒரே நூலுக்கு மூன்று பாடங்கள். இவற்றுள் எது மூலபாடம்? பெரும்பாலோர் தயங்காமல் இரண்டாவதைச் சுட்டுவார்கள். கார்ட்ரிட்ஜில் பதிந்திருப்பது அந்தச் சதுரங்கள்தாம், ஆகவே அதுவே தூய வடிவம், கோடுகளும் மங்கலும் பின்னால் வந்து ஒட்டிய அழுக்கு என்பது அவர்கள் வாதம். இன்று ‘ரெட்ரோ’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் சித்திரமும் அப்படிக் கூர்மையான, மாடிப்படி போன்ற விளிம்புகள் கொண்ட சதுரங்களே. ஆனால் அந்தச் சித்திரத்தை 1985இல் விளையாடிய சிறுவர்கள் தம் வீட்டுத் திரையில் கண்டதில்லை. இது ஏன், அவர்கள் கண்டதை இன்றைய திரையில் மீட்டெடுக்க முயல்வோர் என்ன செய்கிறார்கள் என்பதே இங்கு நாம் பார்க்க விரும்புவது.

முதலில் அந்தக் கண்ணாடிப் பெட்டியை நினைவுகூர்வோம். 1897இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய குழாயின் வழித்தோன்றல் அது. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயின் பின்முனையிலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, முன்முகத்தில் பூசிய பாஸ்பரைத் தொடும் இடத்தில் ஒளி பிறக்கிறது. உழவன் சால் பிடிப்பதுபோல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக அந்தக் கற்றை ஓயாமல் கோடிழுத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 கோடுகள். அவை இரண்டு தவணைகளாக, தவணைக்கு 262.5 கோடுகள் வீதம் வரையப்பட்டன. அந்த அரைக் கோடுதான் சூட்சுமம். இரண்டாம் தவணை முதல் தவணையின் இடைவெளிகளில் சென்று விழுவதற்கு அதுவே காரணம்.

விளையாட்டு எந்திரங்களை வடிவமைத்த பொறியாளர்கள் அந்த அரைக் கோட்டை நீக்கினார்கள். 262 முழுக் கோடுகளை அனுப்பினால் ஒவ்வொரு தவணையும் முன்னதன் தடத்திலேயே விழும். வினாடிக்கு 60 முறை, நடுக்கமின்றி, கண்ணுக்குத் தெரியும் சுமார் 240 கோடுகளில் படம் நிற்கும். விலையாகக் கொடுத்தது, கற்றை தொடாமலே விடுபட்ட இடைவெளிகள். ஒளிரும் கோடுகளுக்கு நடுவே தெரியும் அந்த இருண்ட வரிகளையே இன்று ‘ஸ்கேன்லைன்’ என்று பொதுவாக அழைக்கிறார்கள். அவை சீரான கறுப்புக் கோடுகளும் அல்ல. பிரகாசமான இடத்தில் கற்றை தடித்து இடைவெளியை ஏறக்குறைய மூடிவிடும். இருண்ட இடத்தில் மெலிந்து இடைவெளியைக் காட்டும்.

நிறத்துக்கு இன்னொரு தடை இருந்தது. 1950இல் ஆர்சிஏ நிறுவனம் காட்டிய வண்ணக் குழாயில் கண்ணாடிக்குப் பின்னால் துளையிட்ட உலோகத் தகடு ஒன்று நின்றது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கற்றைகளும் அந்தத் துளைகள் வழியே நுழைந்து தத்தம் நிறப் புள்ளிகளை மட்டும் தொட்டன. 1968இல் சோனி வெளியிட்ட ட்ரினிட்ரானில் துளைகளுக்குப் பதிலாகச் செங்குத்துக் கம்பிகள். எந்த வகையானாலும் ஒன்று உறுதி: அந்தக் கண்ணாடியில் சதுரம் என்று எதுவும் இல்லை. கார்ட்ரிட்ஜிலிருந்த சதுரம் கோடாக நீண்டு, தகட்டில் சிதறி, பாஸ்பரில் கசிந்து, ஓரங்கள் கரைந்த ஓர் ஒளித்துளியாகவே பார்வையாளரை அடைந்தது.

அதற்கும் முன்னால், எந்திரத்திலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் வடத்திலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. 1953இல் அமெரிக்கா ஏற்ற வண்ண ஒளிபரப்பு முறை, ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைச் சமிக்ஞைக்குள் நிறத்தையும் திணித்தது. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் நெருக்கியடித்துச் செல்ல, இரண்டும் ஒன்றையொன்று தொற்றிக்கொண்டன. பக்கத்துப் பக்கத்தில் உள்ள நிறங்கள் கலந்தன. நுண்ணிய கோடுகள் இல்லாத நிறங்களைப் பிறப்பித்தன. பொறியியலில் இது குறை. கலைஞர்களின் கையில் அது வேறாயிற்று. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் ஸ்டீவ் வாஸ்னியாக் இந்தக் குறையையே நிறம் தரும் உத்தியாக மாற்றினார். 1984இல் வெளிவந்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ விளையாட்டும், சாதாரணமாக நான்கே நிறங்கள் காட்டும் ஐபிஎம் கணினியை இவ்வகைத் தொலைக்காட்சியில் இணைத்தால் 16 நிறங்களைக் காட்டியது. அந்த நிறங்கள் நினைவகத்தில் எங்கும் இல்லை. வடத்திலும் கண்ணாடியிலும் பிறந்தவை அவை.

இதற்கு மிகப் பெயர்பெற்ற சான்று 1991இல் சேகா வெளியிட்ட ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’. அதன் முதல் கட்டமான பசுங்குன்றில் அருவிகள் விழுகின்றன. கோப்பிலுள்ள படத்தை நேராகப் பார்த்தால் அருவி என்பது ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கம்பிகளின் வரிசை. ஜன்னல் அழி போலத் தோன்றும். ஒரு நிறத்தை இன்னொன்றின்மேல் பாதி ஊடுருவும்படி காட்டும் முறையான வசதி அந்த எந்திரத்தில் இல்லை. ஆனால் சாதாரண வடத்தின் வழியே தொலைக்காட்சியை அடைந்தபோது கம்பிகளும் இடைவெளிகளும் கலந்து, பின்னாலிருக்கும் பாறை தெரியும்படியான நீர்த்திரை உண்டாயிற்று. வரைந்தவர் வரைந்தது கம்பிகளை. பார்த்தவர் பார்த்தது தண்ணீரை. இவற்றில் எதை மூலபாடம் என்போம்?

1997இல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த கோனாமியின் ‘கேஸில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்’ விளையாட்டில் டிராகுலாவின் முகப்படம் ஒன்று உண்டு. இன்றைய திரையில் பெரிதாக்கினால் கண்ணிருக்கும் இடத்தில் சிவப்புச் சதுரம் ஒட்டவைத்ததுபோல் நிற்கிறது. படக்குழாயில் அதே சிவப்பு சுற்றிலும் கசிந்து, நிழலுக்குள் கனலும் விழியாகிவிடுகிறது. ஓவியர் விட்டுவைத்த இடத்தைக் கண்ணாடி நிரப்பியிருக்கிறது.

இந்த உறவு பார்வையோடு நிற்பதில்லை. 1984இல் ஜப்பானில் வெளிவந்த ‘டக் ஹன்ட்’ விளையாட்டில் திரையை நோக்கிச் சுடும் பொம்மைத் துப்பாக்கி உண்டு. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாக ஒளிரும். துப்பாக்கியின் உள்ளிருக்கும் கருவி அந்த ஒளியைத் தேடும். படக்குழாயின் வேகத்தையும் துடிப்பையும் நம்பி அமைந்த ஏற்பாடு அது. இன்றைய தட்டைத் திரையின்முன் அதே துப்பாக்கி எதையும் வீழ்த்தாது. விளையாட்டின் ஓர் உறுப்பாகவே கண்ணாடி இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை.

நமக்கு அணுக்கமான ஓர் உவமை சொல்லலாம். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. அக்காலத்துப் படிப்பாளி புள்ளியைத் தன் மனத்திலிருந்து இட்டுக்கொண்டே படித்தார். ஓலையில் இருப்பதை அப்படியே அச்சிட்டால் ஓலைக்கு உண்மையாக இருப்போம், நூலுக்கு அல்ல. பதிப்பாசிரியர் இடும் புள்ளி ஓலையில் இல்லாதது. ஆனால் படித்தவரின் படிப்பில் இருந்தது. பழைய விளையாட்டுகளின் பாதியும் இப்படிக் கோப்புக்கு வெளியே தங்கிவிட்டது.

இழப்பு உடனே உணரப்படவில்லை. 1990களின் பிற்பகுதியில் பழைய எந்திரங்களைப் புதிய கணினியில் பாவனை செய்யும் எமுலேட்டர்கள் பரவின. விளையாட்டரங்க எந்திரங்களுக்கான ‘மேம்’ 1997இல் வந்தது. விளையாட்டு பிழைத்துக்கொண்டது, வடமும் கண்ணாடியும் வழியில் உதிர்ந்துவிட்டன. அதன் விளைவாக எழுந்த சதுரங்களைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள் முதலில் அவற்றை மழுப்பப் பார்த்தார்கள். லூக்காஸ்ஆர்ட்ஸில் எரிக் ஜான்ஸ்டன் 1992இலேயே தம் நிறுவன விளையாட்டுகளை மேக் கணினிக்கு மாற்றும்போது பிக்ஸல்களை இரட்டிப்பாக்கும் ஒரு வழியைக் கண்டிருந்தார். பின்னர் 2001இல் ஆந்திரேயா மஸ்ஸோலேனியின் ‘ஸ்கேல்2எக்ஸ்’, 2003இல் மாக்சிம் ஸ்டெபினின் ‘எச்க்யூ2எக்ஸ்’ முதலியவை வந்தன. அடுத்தடுத்த பிக்ஸல்களை ஆராய்ந்து, இங்கே ஒரு வளைவு இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, மாடிப்படியை வழுவழுப்பாக்கும் கணக்குகள் இவை. திறமையானவைதாம். ஆனால் அவை தந்த படம் பழைய தொலைக்காட்சியிலும் இருந்ததில்லை, கார்ட்ரிட்ஜிலும் இருந்ததில்லை. மூலத்தில் விட்டுப்போன அடியைத் தாமே பாடி நிரப்பும் உரையாசிரியரின் துணிவு அது.

இரண்டாம் வழி பணிவானது. படத்தை ஊகிக்காமல், படம் நடந்து வந்த பாதையைப் பாவனை செய்வது. ப்ளார்க் என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளர் 2000களின் நடுப்பகுதியில் வெளியிட்ட வடிகட்டி, விளையாட்டின் படத்தை முதலில் பழைய தொலைக்காட்சிச் சமிக்ஞையாக மாற்றி, பிறகு தொலைக்காட்சி செய்வதுபோலவே அதைப் பிரித்தெடுத்தது. சோனிக்கின் அருவியில் இதனால் மறுபடியும் தண்ணீர் ஓடியது. அருவியைப் பற்றி அந்த நிரலுக்கு எதுவுமே தெரியாமல்.

இவ்வழி விரிவடைய ஷேடர் என்னும் கருவி வேண்டியிருந்தது. ஒரு புள்ளியின் நிறத்தை நிலையான சூத்திரம் தீர்மானிக்காமல், எழுதித்தரும் ஒரு சிறு நிரல் தீர்மானிக்கட்டும் என்ற எண்ணம், லூக்காஸ்ஃபிலிமில் பணியாற்றிய ராபர்ட் குக் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் உருப்பெற்றது. திரைப்பட வரைகலைக்காகப் பிறந்த அது, 2001இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 3 வழியாக வீட்டுக் கணினிக்கு வந்தது. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்ஸல்கள். வினாடிக்கு 60 முறை ஒவ்வொன்றுக்கும் அந்த நிரல் ஓடினால் 12 கோடியே 44 லட்சம் ஓட்டங்கள். பழைய தொலைக்காட்சி ஒரே கற்றையால் செய்த வேலைக்கு இவ்வளவு கணக்கு தேவைப்படுகிறது.

டிமத்தி லாட்டஸ் என்பவர் எழுதி எல்லோருக்கும் பொதுவென விட்ட படக்குழாய் ஷேடரை இங்கே எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்புகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். கோட்டின் கூர்மைக்கு ஓர் எண்: இயல்பாக -8. -16 என வைத்தால் கோடுகள் மெலிந்து இடைவெளி அகலும். கிடைமட்டக் கூர்மைக்கு இன்னோர் எண்: இயல்பாக -3. கண்ணாடியின் வளைவுக்கு இரண்டு: 0.031, 0.041. உலோகத் தகட்டின் நிழலுக்கு இரண்டு: இருண்ட பகுதி 0.5, ஒளிர்ந்த பகுதி 1.5. கடைசி இரண்டையும் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று துணைப்புள்ளிகளில் ஒன்று 1.5 மடங்கும் மற்ற இரண்டு 0.5 மடங்கும் ஒளிர்ந்தால் சராசரி 0.83. அதாவது தகடு படத்தின் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. மெய்யான தகடு எலெக்ட்ரான்களில் பெரும்பகுதியையே விழுங்கியது. படக்குழாய் தன் வலிமையால் அதை ஈடுசெய்தது. நம் திரையில் வெளிச்சத்தைக் கூட்டாமல் தகட்டை மட்டும் சேர்த்தால், பழைய படம் கிடைக்காது. அழுதுவடியும் படமே கிடைக்கும்.

திரையின் நுண்மையும் கணக்கில் சேரும். 240 கோடுகளை 1080 வரிகளில் பரப்பினால் ஒரு கோட்டுக்கு நாலரை வரி. அரை வரி என்று ஒன்று திரையில் இல்லாததால் கோடுகள் தடித்தும் மெலிந்தும் பட்டை பட்டையாகத் தோன்றலாம். 2160 வரிகள் கொண்ட திரையில் கோட்டுக்குச் சரியாக ஒன்பது. தகட்டின் துளைக்கும் இடைவெளியின் இருளுக்கும் அங்கே இடம் உண்டு. நேற்றைய மங்கலைத் துல்லியமாகக் காட்ட இன்றைய திரைகளில் மிகக் கூர்மையானது தேவைப்படுகிறது என்பது இக்கதையின் முரண்.

இந்த எண்களைத் திருப்பும் வசதி கைக்கு வந்ததும் ஒரு சபலமும் வருகிறது. அமைப்புப் பக்கத்தை முதன்முதலாகத் திறந்தபோது நாமும் அதற்கு ஆளானோம். வளைவை மீன்தொட்டி போலாக்கி, கோடுகளைச் சன்னல் திரை போலக் கறுப்பாக்கி, நிறத்தைக் கசியவிட்டு, ‘ஆகா, இதுதான் அந்தக் காலம்’ என்று மகிழ்ந்தோம். அரைமணி நேரத்தில் கண் வலித்தது. அந்தக் காலத்தில் யாருக்கும் அப்படி வலித்ததாக நினைவில்லை. தொலைக்காட்சி செய்த பொறியாளர்கள் கோடுகளையும் வளைவையும் மறைக்கவே பாடுபட்டார்கள். 1990களின் இறுதியில் முகம் தட்டையான படக்குழாய்களையே கொண்டுவந்துவிட்டார்கள். நம் நினைவோ குறைகளைத்தான் அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறது. பழையதாகத் தோன்றவேண்டும் என்றே இன்று செய்யப்படும் புதிய விளையாட்டுகள் சிலவற்றில் படம் தழும்புகளின் தொகுப்பாக ஆகிவிடுவதும் இதனால்தான். அது கேலிச்சித்திரம், சித்திரம் அல்ல.

அப்படியானால் சரியான அமைப்பு எது? ஒன்று என்று சொல்வதற்கில்லை. விளையாட்டரங்க எந்திரங்களில் மூன்று நிறங்களும் தனித்தனிக் கம்பிகளில் சென்றன. ஆகவே நிறக் கசிவு அங்கே இல்லை, கோடுகள் மட்டும் உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வழங்கிய பால் முறையில் வினாடிக்கு 50 தவணைகள். அங்கே பல விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. ஒரே விளையாட்டு டோக்கியோவில் ஒன்றாகவும் லண்டனில் வேறொன்றாகவும் இருந்தது. ஆனால் சரியானவை பல என்பதால் தவறே இல்லை என்று ஆகிவிடாது. 1989இன் கேம் பாய் கையடக்க எந்திரத்துக்குப் படக்குழாயே கிடையாது. அதன் 160க்கு 144 பிக்ஸல்கள் பசுமை படிந்த திரவப் படிகத் திரையில், நகரும்போது நிழல் இழுத்துக்கொண்டு தெரிந்தவை. அந்த விளையாட்டின்மேல் தொலைக்காட்சிக் கோடுகளை இடுவது, கல்வெட்டின் படிக்கு ஓலையின் பூச்சி அரிப்பை வரைவது போன்றது. எந்த எந்திரம், எந்த வடம், எந்தக் கண்ணாடி என்று முதலில் கேட்டுவிட்டு எண்களில் கைவைப்பவர் வரலாற்று வேலை செய்கிறார். கேளாமல் கைவைப்பவர் அலங்காரம் செய்கிறார்.

இந்தக் கேள்விகளுக்கு அவசரமும் உண்டு. சோனி 2008இல் ட்ரினிட்ரான் உற்பத்தியை முடித்துக்கொண்டது. எஞ்சியிருக்கும் குழாய்களில் பாஸ்பர் தேய்ந்துகொண்டே வருகிறது. தொலைக்காட்சியைக் கலைப்பொருளாக்கிய நாம் ஜூன் பைக் 1988இல் தென் கொரியாவில் 1,003 தொலைக்காட்சிகளை அடுக்கி எழுப்பிய கோபுரம், பெட்டிகள் முதுமையுற்றதால் 2018இல் அணைக்கப்பட்டது. பழுதுபார்த்து, மீட்க முடியாத குழாய்களுக்குப் பதில் தட்டைத் திரைகளைப் பொருத்தி, 2022இல் மீண்டும் ஒளியேற்றினார்கள். அருங்காட்சியகத்தின் அக்கறையும் பொருட்செலவும் இருந்தே நிலைமை இது. ஒளிபரப்புத் துறை 2011இலேயே, படக்குழாயில் வெளிச்சம் ஏறும் விதத்தை 2.4 என்ற அடுக்கெண்ணாகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலை ஒன்றில் எழுதிவைத்துவிட்டது. குழாய் போகும், அதன் குணமாவது எண்ணாக நிற்கட்டும் என்ற ஏற்பாடு என்றே அதைக் கொள்ளத் தோன்றுகிறது. உயிரோடிருக்கும் தொலைக்காட்சியைப் பக்கத்தில் வைத்து, அதன் கண்ணாடியை நெருங்கிப் படமெடுத்து, ஒப்பிட்டு ஒப்பிட்டு எண்களைத் திருத்தும் ஷேடர் ஆர்வலர்கள் செய்வதும் அதே வேலை. சாட்சி இருக்கும்போதே வாக்குமூலம் பதிகிறார்கள்.

முழுதும் பதிந்துவிட்டார்களா என்றால் இல்லை. படக்குழாயின் ஒளி ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணம் மின்னி அணைவது. தட்டைத் திரையின் ஒளி அடுத்த படம் வரும்வரை அசையாமல் நிற்பது. அதனால்தான் ஓடும் உருவம் அதில் மங்குகிறது. 2024இன் இறுதியில் லாட்டஸும் மார்க் ரெஜானும் சேர்ந்து வெளியிட்ட ஷேடர் கற்றையின் அந்த ஓட்டத்தையே பாவனை செய்ய முயன்றது. வினாடிக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கும் திரை அதற்குப் போதாது. அதைப்போலப் பல மடங்கு வேகமான திரைகளில்தான் அதன் பயன் துலங்கும். பாதை இன்னும் மீதமிருக்கிறது.

நிண்டெண்டோவின் மூன்று தேர்வுகளுக்கே திரும்புவோம். சதுரங்களை விரும்புவோருடன் நமக்குச் சண்டை இல்லை. ஒரு கலைஞன் புள்ளி புள்ளியாக அடுக்கிய உழைப்பை அது காட்டுகிறது, ஓலையின் ஒளிப்படம்போல அதற்கும் ஆவண மதிப்பு உண்டு. ஆனால் மூன்றாவது தேர்வை ஏக்கத்தின் விளையாட்டு என்று ஒதுக்குவதற்குமுன் அருவியை ஒருமுறை இரு வகையிலும் பார்த்துவிட வேண்டும். கோடுகளின் எண்ணைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து, வழக்கமாக அமரும் தூரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கோடுகள் இருப்பதே மறந்துபோகும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே கம்பிகள் மறையும். தண்ணீர் விழும்.